மோட்டார் ஆசனச் சாய்மானம்: கழற்றலும் பொருத்தலும்



சென்ற ஆண்டு நாம் தணிக்கைக்குச் சென்ற நெசவாளர் சங்கம் ஒன்றில், "மெத்தை ரிப்பேர்" என்று எழுதிய பற்றுச்சீட்டு ஒன்றைக் கண்டோம். சங்கக் காரின் முன்னாசனத்திற்கு உறை மாற்றுவதற்காகச் சாய்மானத்தைக் கழற்றி மாட்டியிருந்தனர். நாம் அதில் அமர்ந்ததும் அது ஒருபுறம் நெளிந்தது. பக்க மூடியை அகற்றிப் பார்க்க, நான்கு போல்ட்டுகளுக்கு மூன்றே இருந்தன. நான்காவதைக் காரியதரிசி தம் மேசையறையிலிருந்து எடுத்துத் தந்தார்! பின்னாலிருந்து வேறொரு வண்டி மோதுங்கால், அமர்ந்திருப்பவரின் பாரம் முழுவதையும் தாங்குவது இச்சாய்மானமே.

முதலில் நோக்கவேண்டியது காற்றுப்பை. 1994ஆம் ஆண்டில் சுவீடனின் வால்வோ நிறுவனம் பக்கக் காற்றுப்பையைச் சாய்மானத்தின் வெளிப்புறத்தில் வைத்து வெளியிட்டது. இன்று பல வண்டிகளில் அது உண்டு. ஆசனத்தின் ஓரத்தில் "ஏர்பேக்" என்ற சிறு முத்திரை இருந்தால், பாட்டரியின் எதிர்மின் கம்பியைக் கழற்றி, வண்டியின் கைநூல் சொல்லும் நேரம் காத்திருத்தல் வேண்டும். சிலவற்றிற்கு 90 விநாடி, சிலவற்றிற்குப் பல நிமிடங்கள். மின்சாரத்தால் நகரும் ஆசனமாயின், போல்ட்டுகள் கைக்கெட்டுமாறு அதனை முன்னரே நகர்த்திவிடுக. பாட்டரியைப் பிரித்தபின் அது அசையாது. ஆசனத்தின் கீழுள்ள மஞ்சள் நிற இணைப்பைப் பிரிக்கலாம். ஆனால் அதில் சோதனை விளக்கையோ மீட்டரையோ வைத்துப் பார்த்தலாகாது. அச்சிறு மின்னோட்டமே பையை வெடிக்கச் செய்யக்கூடும்.

பின்னர்த் தலையணையை உருவிப் பக்க மூடிகளை நீக்கி, ஒருவர் சாய்மானத்தைத் தாங்கி நிற்க மற்றொருவர் போல்ட்டுகளைக் கழற்றுக. கழற்றியபின் சாய்க்கும் நெம்புகோலைத் தொடவேண்டா. உள்ளிருக்கும் சுருள்வில் துள்ளிக் கைவிரலை நசுக்கும். இருபுறப் பற்களும் வெவ்வேறு இடத்தில் நின்றுவிடும். சாய்மானம் நெளிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பொருத்துகையில் எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் கையாலேயே சில சுற்று ஏற்றிவிட்டு, அதன்பின் கைநூல் கூறும் அளவிற்கு முறுக்குமானி ஸ்பானரால் இறுக்குக. சில தயாரிப்பாளர் புதிய போல்ட்டே இடச் சொல்வர். அங்கே சிக்கனம் பாராட்டற்க.

உறை தைத்து விற்கும் நெசவாளர்க்கு ஒரு சொல்: காற்றுப்பை ஓரத் தையலைக் கிழித்துக்கொண்டே வெளிவரும். அவ்விடத்தைக் கெட்டி நைலான் நூலால் மூடித் தைத்தால் பை விரியாது. நம் தறித்துணியின் உறுதி அங்கே கேடாகிவிடும். அவ்வகை வண்டிக்கெனச் சோதித்த உறையன்றி வேறொன்றையும் போடலாகாது.

பாட்டரியை மீண்டும் இணைக்கும்போது வண்டிக்குள் எவரும் இருத்தல் கூடாது. சாவியைத் திருப்பினால் காற்றுப்பை விளக்கு சில விநாடிகள் எரிந்து அணையவேண்டும். அணையாவிடின் தேர்ந்த பட்டறைக்கே அனுப்புக. ரசீதில் "மெத்தை ரிப்பேர்" என்றில்லாமல், செய்த வேலை இன்னதென்று விவரமாய் எழுதி வாங்குக.