உள்ளூர்க் கலரும் நம் கடையும்



பலசரக்குக் கடையில் சோடா, கலர் என்பது சிறு சரக்குத்தான். ஆனால் கோடையில் கடைக்கு ஆளை அழைத்து வருவது அதுதான். சோடா குடிக்க நின்றவர் சீனியும் பருப்பும் சேர்த்து வாங்கிப் போவார். நம் பக்கத்துச் சிறு சோடா கம்பெனிகள் நிலைத்திருந்தால் நமக்கு இரண்டு மூன்று இடத்தில் கொள்முதல் உண்டு. அவை மூடிப்போனால், மிச்சம் இருப்பவர் சொல்வதுதான் விலை, அவர் கொடுப்பதுதான் கமிஷன். ஆகவே இந்தச் சரக்கை எப்படி வாங்கி, வைத்து, விற்பது என்பதைப் பார்ப்போம்.

கோலி சோடா முதல் கலர் வரை

கோலி சோடா பாட்டில் நம் ஊரில் பிறந்ததல்ல. இங்கிலாந்தைச் சேர்ந்த ஹிராம் காட் என்ற பொறியாளர் 1872இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பாட்டிலைத் தலைகீழாக வைத்துத் தண்ணீரும் காஸும் அடைப்பார்கள். உள்ளே இருக்கும் காஸ் அழுத்தத்தால் கோலி மேலே வந்து கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தில் இறுகி நிற்கும். தனி மூடி தேவையில்லை. பாட்டிலைத் திரும்பத் திரும்ப நிரப்பலாம் என்பதால் சிறு முதலில் தொழில் நடந்தது. ஊருக்கு ஊர் சோடா கம்பெனி தோன்ற அதுவே வசதியாயிற்று.

அப்படித் தொடங்கிப் பெரிதாக வளர்ந்ததற்கு உதாரணம் விருதுநகரில் 1916இல் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க். அதன் திராட்சை வாசமுள்ள பொவண்டோ இன்றும் தென் மாவட்டங்களில் பேர் சொல்லிக் கேட்கப்படுகிறது.

1977இல் கோக்கோ கோலா இந்தியாவை விட்டு வெளியேறியது. 1990இல் பெப்சி விற்பனைக்கு வந்தது. 1993இல் கோக்கோ கோலா திரும்பி வந்து, தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட் ஆகிய பேர்களையும் பார்லே நிறுவனத்திடம் விலைக்கு வாங்கியது. அதன் பின் விளம்பரமும் குளிர்பெட்டியும் இல்லாத சிறு கம்பெனிகளின் பாடு கடினமாயிற்று.

2017 கற்றுத்தந்த பாடம்

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக நடந்த போராட்டத்தின்போது, அந்நியக் குளிர்பானம் வேண்டாம் என்ற குரலும் எழுந்தது. வணிகர் சங்கங்களின் பேரமைப்பும் பேரவையும் மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்று அறிவித்தன. நம் தாமிரபரணிக்கும் இதில் தொடர்பு உண்டு. கங்கைகொண்டான் சிப்காட்டில் உள்ள ஆலைகளுக்கு ஆற்று நீர் கொடுப்பதை எதிர்த்து மதுரை உயர்நீதிமன்றக் கிளையில் வழக்கு நடந்தது. 2016 நவம்பரில் இடைக்காலத் தடை கிடைத்தது. 2017 மார்ச் 2ஆம் தேதி மனுக்கள் தள்ளுபடியாயின.

அந்த வாரங்களில் உள்ளூர்க் கலருக்கு எங்கும் கிராக்கி. ஆனால் சில மாதங்களில் பல கடைகளில் பழைய சரக்கே திரும்ப வந்தது. காரணம் சிக்கலானதல்ல. ஒரு சிறு கம்பெனியிடம் இருக்கும் பாட்டில், வண்டி, ஆள் எல்லாம் வழக்கமான விற்பனைக்குத் தக்கபடிதான் இருக்கும். திடீரென்று மூன்று மடங்கு கேட்டால் கொடுக்க முடியாது. உணர்ச்சியில் ஒரு மாதம் வாங்குவதைவிட, வாரம் இரண்டு கிரேட் என்று வருஷம் முழுவதும் வாங்குவதுதான் தொழிலைக் காப்பாற்றும்.

மேல்நாட்டில் பீர் வியாபாரத்தில் இதற்கு ஓர் அத்தாட்சி உண்டு. அது நமக்கு ஆகாத சரக்கு. வியாபாரப் பாடத்துக்காக மட்டும் சொல்கிறேன். அமெரிக்காவில் 1970களின் கடைசியில் நூற்றுக்கும் குறைவான பீர் ஆலைகளே மிஞ்சியிருந்தன. இப்போது ஒன்பதாயிரத்துக்கும் மேல். பெரும்பாலானவை சிறியவை. எங்கும் ஒரே ருசியாகிவிட்டது என்று அலுத்தவர்கள், தம் ஊரில் செய்ததைத் தேடிப் போனார்கள். விலையில் பெரிய ஆலையோடு மோதாமல், ருசியிலும் ஊர்ப் பேரிலும் நின்றதால் அவை பிழைத்தன.

நமக்கும் அதே வழிதான். 2023இல் காம்பா கோலா 200 மி.லி. 10 ரூபாய் என்று இறங்கியபின், விலையில் போட்டி போடச் சிறு கம்பெனியால் ஆகாது. பன்னீர் சோடா, இஞ்சி சோடா, நன்னாரி சர்பத் ஆகியவற்றின் ருசிதான் நம் பலம். உடன்குடிப் பக்கத்துப் பதநீரும் இந்த வகைதான். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்குவதால் அது புளிக்காமல் நிற்கிறது. சுண்ணாம்பு குறைந்தால் சில மணி நேரத்தில் கள்ளாக மாறும், விற்றவருக்கு வம்பு. ஆகவே பதநீரை அன்றன்றைக்கு நம்பகமானவரிடம் மட்டும் வாங்க வேண்டும்.

கடைக்காரர் கவனிக்க வேண்டியவை

1. லேபிள்: தயாரிப்பாளர் பேர், முகவரி, தயாரித்த தேதி, காலாவதி தேதி, அதிகபட்ச சில்லறை விலை, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் ஆகியவை இருக்க வேண்டும். குளிர வைத்ததற்கென்று அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கக்கூடாது.

2. பில்: 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, காலாவதியான சரக்கை விற்றாலும், யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாவிட்டாலும் விற்றவரே பொறுப்பாளி. தெரிந்தவர்தானே என்று பில் இல்லாமல் ஒரு கிரேட்கூட இறக்காதீர்கள்.

3. வைக்கும் இடம்: குளிர்ந்த நீரில் காஸ் நன்றாகக் கரைந்து நிற்கும், சூடேறினால் பிரிந்து அழுத்தம் கூடும். வெயிலில் வைத்த கண்ணாடிப் பாட்டில் வெடிக்கலாம். பிளாஸ்டிக் பாட்டிலில் நாளாக ஆக காஸ் மெல்லக் கசியும். சிறிய பாட்டிலில் சீக்கிரம் குறையும். முதலில் வந்ததை முதலில் விற்க வேண்டும்.

4. குளிர்பெட்டி: பெரிய கம்பெனிகள் பெட்டி கொடுக்கும்போது தம் சரக்கையே அதில் வைக்க வேண்டும் என்று நிபந்தனை போடுவது வழக்கம். கையெழுத்திடுமுன் படித்துப் பாருங்கள். பழைய பெட்டியானாலும் சொந்தமாக ஒன்று இருப்பது நல்லது. சூடான கலரை யாரும் இரண்டாம் முறை கேட்கமாட்டார்கள்.

5. காலிப் பாட்டில்: உதாரணமாக, 12 ரூபாய்க்கு வாங்கி 15க்கு விற்றால் 24 பாட்டில் கொண்ட கிரேட்டில் லாபம் 72 ரூபாய். பாட்டில் முன்பணம் 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பாட்டில் திரும்பாவிட்டால் 40 ரூபாய் போயிற்று. பாதி லாபத்துக்கு மேல் காலி. வீட்டுக்கு எடுத்துப் போகிறவரிடம் முன்பணம் வாங்குங்கள். காலிக்குத் தனி நோட்டு போடுங்கள்.

6. வரி: 2025 செப்டம்பர் 22 முதல் இனிப்போ வாசனையோ சேர்த்த காஸ் பானத்துக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம், எதுவும் சேர்க்காத வெறும் சோடாவுக்கு 5 சதவீதம். இரண்டையும் ஒரே வரியில் பில் போட்டால் தவறு. 2019 அக்டோபர் முதல் காஸ் பானம் தயாரிப்பவருக்குத் தொகுப்பு வரிச் சலுகையும் இல்லை. சிறு கம்பெனிக்காரர் விலையைக் குறைக்கத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

7. பணம்: பெரிய கம்பெனி ரொக்கம் கேட்டால் மறுபேச்சின்றிக் கொடுக்கிறோம். உள்ளூர்க்காரருக்கு மட்டும் அடுத்த வாரம் என்கிறோம். அவர் சீனிக்கும் காஸ் சிலிண்டருக்கும் ரொக்கம் கொடுத்துத்தான் வாங்குகிறார். நம் கடையில் நிற்கும் பாக்கிதான் அவருடைய முதல். அது திரும்பாவிட்டால் அடுத்த கோடைக்கு அவர் வண்டி வராது.

இந்த ஏழிலும் பெரிய செலவு எதுவும் இல்லை. ஒரு கடைக்கு வாரம் இரண்டு கிரேட் என்றால் சிறிய கணக்காகத் தெரியும். ஒரு கடைத்தெருவில் ஐம்பது கடை அப்படி வாங்கினால் வாரம் நூறு கிரேட். ஒரு சோடா கம்பெனி நிம்மதியாக ஓட அது பெரிய ஆதரவு. வாங்குவதை நிலையாக வாங்கி, விற்ற பணத்தை நாளுக்குக் கொடுப்போம்.