மழை வந்தால் டிக்கெட் வீணா?

கேள்வி: ஜூலையில் குடும்பத்தோடு ஆர்லாண்டோ போகிறோம். டிஸ்னி வேர்ல்டில் மழை பிடித்துக்கொண்டால் அன்றைய டிக்கெட் வீண்தானா?

பதில்: மழையைப் பார்த்து அறைக்குத் திரும்பினால்தான் வீண். ஃபுளோரிடாவின் கோடை மழை நாள் முழுக்க நசநசப்பது அபூர்வம். அட்லாண்டிக் பக்கமிருந்தும் மெக்சிகோ வளைகுடா பக்கமிருந்தும் வரும் கடற்காற்றுகள் தீபகற்பத்தின் நடுவே மோதி, பிற்பகலில் இடியோடு கொட்டும். பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். அதனால் திறந்தவெளி ரைடுகளைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். வானம் கறுத்ததும் கூரைக்குள் ஓடுகிற ‘ஹான்டட் மேன்ஷன்’, ‘பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்’ பக்கம் நகருங்கள். 1973-இல் திறந்த இந்தப் பைரேட்ஸில், படகு இருட்டுக்குள் சறுக்கி இறங்கும்போது வெளியே பெய்வது ஞாபகத்துக்கே வராது.

மின்னல் என்றால் வெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்களே என்பீர்கள். நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் அந்த நேரத்தில்தான் பலர் நடையைக் கட்டுகிறார்கள். மழை விட்டு ரைடுகள் மறுபடி ஓடும்போது காத்திருப்பவர்களுக்கு வரிசை சற்று இளகியிருக்கும். பிள்ளைகள் நனைவார்களே என்ற கவலை நியாயமானது. ஈர சாக்ஸோடு ஏசி அரங்கில் நடுங்குவதுதான் அவர்களைப் படுத்தும். ஆளுக்கொரு மழைக்கோட்டும், பிளாஸ்டிக் பையில் கட்டிய மாற்று சாக்ஸும் கட்டாயம் எடுத்துப்போங்கள்.