கம்மாயும் கண்மாயும்: கரிசல் வட்டார ஆசிரியரின் செயலாய்வுக் களம்

1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையின் வழி மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் உருவாயின. வகுப்பறைச் சிக்கலை ஆசிரியரே ஆராயும் செயலாய்வை வளர்த்தல் அவற்றின் பணிகளுள் ஒன்று. விருதுநகர் மாவட்டத்திற்குரிய நிறுவனம் அருப்புக்கோட்டையை அடுத்த பாலையம்பட்டியில் உள்ளது. திருச்சுழி வரை விரியும் இவ்வானம் பார்த்த பூமியில் ஏரிக்குப் பெயர் 'கம்மாய்'. குழந்தை அவ்வாறே எழுதினால் அது அறியாமையன்று; 'கண்மாய்' என்பதன் ணகரம் பின்வரும் மகரத்தோடு ஓரினமான பேச்சு வடிவம். காரணம் கூறாது அடித்துத் திருத்தினால் குழந்தை எழுதவே தயங்கும். கரிசல் வழக்கைக் கி. ராஜநாராயணன் 1982இல் அகராதியாக்கினார். அந்நெறியில் ஆசிரியர்கள் தம் வகுப்புச் சொற்களைத் தொகுத்து, அவற்றினின்று எழுத்துத்தமிழுக்கு நகரும் பாடங்களை வகுத்து, பயனை அளந்தறிதல் தக்க செயலாய்வாகும். அதற்குத் துணைநிற்றல் தமிழ்த்துறைகளின் கடன் என்பதை இக்கட்டுரை வலியுறுத்துகிறது.