சாவி கையில், மழை வாசலில்: ஐப்பசி முதல் தை வரை புது வீட்டார் செய்ய வேண்டியவை

கிள்ளான் பள்ளத்தாக்கில் இப்போது காலையில் வெயில், மாலை நான்கு மணிக்கு இடி, ஐந்து மணிக்குக் கால்வாய் நிரம்பிய தண்ணீர். அக்டோபரும் நவம்பரும் இங்கே நல்ல மழை மாதங்கள். நம் வீடுகளில் இன்னோர் அவசரமும் இதே மாதங்களில்தான் தலைதூக்குகிறது. மார்கழியில் யாரும் புது வீட்டுக்குக் குடிபோவதில்லை. ஆகவே சாவி வாங்கியவர்கள் கார்த்திகை முடிவதற்குள் பால் காய்ச்சிவிட வேண்டும் என்று ஓடுகிறார்கள். அது முடியாவிட்டால் தை முதல் வாரத்தில் நாள் குறித்துவிட்டு, அதற்குள் கிரில், சீலிங், அடுக்களை எல்லாம் முடித்துத் தரச் சொல்லிக் குத்தகையாளரை நெருக்குகிறார்கள்.

இந்தப் பருவத்துக்கு நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: ரினோவேஷனைத் தள்ளிப் போடுங்கள். ஒரு மழைச் சுற்று வீட்டின் மேல் பெய்து முடியட்டும். எங்கே கசிகிறது, எங்கே வெடித்திருக்கிறது என்று பார்த்து, படம் எடுத்து, கடிதமாக டெவலப்பரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். அதன் பிறகு சுவரில் உளி வைக்கலாம்.

என் தம்பி இதைச் செய்யவில்லை. கிள்ளானில் இரட்டை மாடி வரிசை வீடு. நவம்பர் நடுவில் சாவி வந்தது. தைக்குள் முடிக்க வேண்டும் என்று மறுவாரமே ஆட்களை இறக்கினான். ஜனவரியில் ஒரு பெருமழை. பக்கத்து வீட்டோடு சேர்ந்த சுவரின் உச்சியில் ஈரம் படர்ந்தது. புதிதாகப் போட்ட பிளாஸ்டர் சீலிங் பழுப்பேறித் தொய்ந்தது. டெவலப்பர் அலுவலகத்தில், “உங்கள் ஆட்கள் கூரை மேல் ஏறியிருக்கிறார்கள், ஓடு நகர்ந்திருக்கும்” என்றார்கள். அப்படி இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். சாவி வாங்கிய அன்று கூரை எப்படி இருந்தது என்று காட்ட அவனிடம் ஒரு படம்கூட இல்லை. சீலிங்கை உடைத்துக் கசிவை அடைத்த செலவு முழுவதும் அவன் தலையில் விழுந்தது. சட்டம் அவன் பக்கம் நின்றிருக்கும். சான்றுதான் இல்லை.

அந்தச் சட்டம் என்ன தருகிறது என்று தெரிந்துகொள்வோம். 1966-ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் டெவலப்பரிடம் வாங்கும் வீட்டுக்கு விற்பனை ஒப்பந்தத்தின் வாசகங்களே விதிகளில் அச்சாகி இருக்கின்றன. தரை வீட்டுக்கு ஜி அட்டவணை, அடுக்குமாடிக்கு எச் அட்டவணை. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாளிலிருந்து தரை வீட்டை 24 மாதத்திலும் அடுக்குமாடி வீட்டை 36 மாதத்திலும் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த நாளிலிருந்து 24 மாதம், மோசமான வேலையாலோ பொருளாலோ வரும் குறைகளை டெவலப்பர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். எழுத்தில் அறிவித்த 30 நாளுக்குள் செய்யவேண்டும். செய்யாவிட்டால் பழுதுச் செலவின் மதிப்பீட்டை எழுதி அனுப்பி, இன்னோர் அவகாசம் கொடுத்து, அதுவும் கடந்தபின் நீங்களே செய்து பணத்தைக் கேட்கலாம். அதற்கென்றே வீட்டு விலையில் 5 விழுக்காடு வழக்கறிஞர் கையில் நிறுத்தி வைக்கப்படுகிறது. 2.5 விழுக்காடு எட்டாவது மாதம் முடிந்ததும், மீதி 24 மாதம் முடிந்ததும் டெவலப்பருக்குப் போய்விடும். ஆகவே எட்டாவது மாதத்துக்கு முன் முதல் பட்டியல் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். நவம்பரில் சாவி வாங்கியவருக்கு அடுத்த ஜூலை என்பது தூரமில்லை.

வாட்ஸ்அப்பில் விற்பனைப் பெண்ணுக்கு அனுப்பிய படங்களை அறிவிப்பு என்று நம்பி இருக்காதீர்கள். கடிதம், நகல், முத்திரை, தேதி நான்கும் வேண்டும். சாவி வாங்கும் மேசையில் “வீடு திருப்தி” என்று எதிலாவது கையெழுத்துக் கேட்டால், பார்த்த பிறகு எழுத்தில் தருகிறேன் என்று சொல்லுங்கள்.

இனி, பார்ப்பது எப்படி. நல்ல மழை பெய்யும்போது அல்லது நின்ற அரை மணிக்குள் போக வேண்டும்; வெயில் நேரத்துப் புது வீடு எல்லாமே அழகாகத்தான் இருக்கும். மேல் மாடியில் பக்கத்து வீட்டுச் சுவரும் கூரையும் சேரும் இடத்தை முதலில் பாருங்கள். வரிசை வீடுகளில் தண்ணீர் பெரும்பாலும் அங்கேதான் வழி கண்டுபிடிக்கிறது. அடுத்தது சன்னல் சட்டத்தின் கீழ் மூலைகள்: விரலால் தடவினால் ஈரம் தெரியும். சன்னல், கதவு மூலைகளிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பு இருந்தால், அதன் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். பூச்சில் வந்த மயிரிழை வெடிப்பு அங்கேயே நிற்கும். கோட்டைத் தாண்டி வளர்கிறது என்றால் அது பூச்சு விஷயமில்லை, பொறியியலாளரைக் கூப்பிட வேண்டிய விஷயம்.

குளியலறைக்கு மழை தேவையில்லை. தரை வடிகாலைத் துணியால் அடைத்து ஓரங்குலம் தண்ணீர் கட்டி, ஒரு நாள் விட்டுவிட்டுக் கீழ்த்தளத்துச் சீலிங்கைப் பாருங்கள். பிறகு தண்ணீரைத் திறந்துவிட்டு, எங்கே தேங்கி நிற்கிறது என்று பாருங்கள். சாய்வு பிழையாக இருந்தால் மூலையில் குளம் போல் நிற்கும். தரைக் கற்களை ஒரு நாணயத்தாலோ குச்சியாலோ தட்டிக்கொண்டே போங்கள். பொள்ளென்று ஒலிக்கும் கல்லுக்கு அடியில் சிமெண்டு முழுதாகப் பிடிக்கவில்லை. இதை அம்மாக்கள் தேங்காய் தட்டிப் பார்ப்பதைவிட எளிதாகச் செய்துவிடுவார்கள், அவர்களையும் கூட்டிப்போங்கள்.

வெளியே வந்தால், கிள்ளானுக்கே உரிய ஒரு சிக்கல். கிள்ளான் நகரிலிருந்து கடல்பக்கமாகப் பல இடங்களில் நிலம் மென்மையான கடற்களிமண். வீடு பெரும்பாலும் பைல்களின் (மண்ணில் ஆழமாக இறக்கிய அடித்தளத் தூண்களின்) மேல் நிற்கிறது; அது எளிதில் இறங்காது. கார் நிறுத்தும் இடமும், வீட்டைச் சுற்றிய சிமெண்டுத் தளமும், கால்வாயும் பெரும்பாலும் வெறும் மண்ணின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. மண் அமுங்க அமுங்க அவை இறங்கி, சுவரோரம் விரல் நுழையும் இடைவெளி விழுகிறது. மழைநீர் அதற்குள் போய் இன்னும் மண்ணை அரிக்கிறது. 24 மாதத்துக்குள் வந்தால் இதையும் எழுதிக் கொடுங்கள். இதைவிட முக்கியம், பின்பக்கம் அடுக்களையை நீட்டிக் கட்டுபவர்கள் இந்தப் பாடத்தை எடுத்துக்கொள்வது. பைல் இல்லாமல் ஆழமற்ற அடித்தளத்தில் கட்டிய நீட்டிப்பு, பைல் மேல் நிற்கும் தாய்வீட்டை விட்டுச் சில ஆண்டுகளில் பிரிந்து சாய்கிறது. குறைந்த விலை சொல்லும் குத்தகையாளர் எதைக் குறைத்திருக்கிறார் என்று கேட்டால், பெரும்பாலும் விடை மண்ணுக்கு அடியில் இருக்கும். ஊராட்சி மன்ற அனுமதி இல்லாமலும் நீட்டாதீர்கள்.

பால் காய்ச்சுவதைப் பற்றி ஒரு வார்த்தை. கணபதி ஹோமத்துக்கும் ஒரு பானைப் பாலுக்கும் பிளாஸ்டர் சீலிங் தேவையில்லை. கார்த்திகையில் நல்ல நாள் இருந்தால் வெறும் வீட்டிலேயே பாலைக் காய்ச்சிவிட்டு, மார்கழி முழுவதும் வீட்டை மழையில் கவனித்து, வேலையைத் தைக்குப் பின் தொடங்குங்கள். நம் முறையே இதற்கு இடம் கொடுக்கிறது.

வீடு இன்னும் எழும்பிக்கொண்டிருப்பவர்களுக்கு: மழையைக் காரணம் காட்டும் தாமதத்தை ஏற்காதீர்கள். 24 மாதம் என்று ஒப்புக்கொண்டபோதே அதற்குள் இரண்டு மழைக்காலம் அடக்கம். தாமதத்துக்கு ஆண்டுக்கு விலையில் 10 விழுக்காடு, நாள் கணக்கில் இழப்பீடு உண்டு. 5 லட்சம் ரிங்கிட் வீட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 137 ரிங்கிட். மூன்று மாதத் தாமதத்துக்கு 12,000 ரிங்கிட்டுக்கு மேல் வரும். வீடமைப்புக் கட்டுப்பாட்டாளர் டெவலப்பர்களுக்குக் கொடுத்துவந்த கால நீட்டிப்பு செல்லாது என்று 2019 நவம்பரில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்பணம் வாங்கியிருந்தால் நாள் கணக்கு அந்தப் பணம் கட்டிய தேதியிலிருந்தே தொடங்கும் என்று 2021 ஜனவரியில் அதே நீதிமன்றம் சொன்னது. முன்பண ரசீதை எறிந்துவிடாதீர்கள்.

கட்டக் கட்டப் பணம் போகும் விதமும் தெரிந்திருக்கட்டும். கையெழுத்தில் 10 விழுக்காடு, அடித்தளம் முடிந்ததும் 10, தூண்-உத்தரச் சட்டகத்துக்கு 15, சுவருக்கு 10, கூரையும் வயரும் குழாயும் 10, பூச்சு வேலைக்கு 10 என்று போகும். ஒவ்வொன்றுக்கும் கட்டடக் கலைஞர் அல்லது பொறியியலாளரின் சான்று வர வேண்டும். வங்கி விடுவித்த தொகைக்கு மட்டும் வட்டி ஏறும். 5 லட்சம் வீட்டில் அடித்தளம் முதல் சுவர் வரை வங்கி 1,75,000 கொடுத்திருந்தால், 4 விழுக்காட்டு வட்டியில் மாதம் ஏறக்குறைய 583 ரிங்கிட். வாடகையோடு இதுவும் சேரும் என்று இப்போதே கணக்குப் போட்டு வையுங்கள். வீட்டுச் செலவில் இடறி விழும் குடும்பங்கள் பெரும்பாலும் இங்கேதான் விழுகின்றன.

தீபாவளிச் சலுகை என்று பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் துண்டறிக்கை கையில் விழுந்தால், அதில் டெவலப்பர் உரிம எண்ணும் விளம்பர, விற்பனை அனுமதி எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சின் இணையத்தளத்தில் அந்த எண்ணைச் சரிபாருங்கள். ஒப்பந்தத்துக்கு முன் முன்பணம் வாங்குவதை விதிகள் தடுக்கின்றன. மாதிரி வீட்டைப் பார்த்ததோடு திரும்பாதீர்கள். மழை நின்ற மாலையில் மனையைப் போய்ப் பாருங்கள், பக்கத்துத் தாமானில் கேட்டுக்குப் பின்னாலுள்ள சுவரில் சேற்றுக் கோடு எந்த உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள், பெட்டிக்கடைக்காரரைக் கேளுங்கள். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் 2021 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் சில இடங்களில் வீட்டுக் கூரையைத் தொட்டது. மேட்டு நிலம் என்றால் சரிவைப் பாருங்கள். உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் 1993 டிசம்பர் 11-ல், பல நாள் மழைக்குப் பின், சரிந்து 48 பேர் இறந்தார்கள்.

சொந்த நிலத்தில் கட்டுபவர்களுக்கு மேலே சொன்ன அட்டவணைகள் எதுவும் காவல் இல்லை. உங்களுக்கும் குத்தகையாளருக்கும் எழுதிக்கொண்டதுதான் சட்டம். கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சி.ஐ.டி.பி.-யில் பதிவு உள்ளவரா என்று பாருங்கள், மண் பரிசோதனை செய்யுங்கள், மாதக் கணக்கில் அல்ல முடிந்த வேலைக் கணக்கில் பணம் கொடுங்கள், கடைசியாக ஒரு பங்கை நிறுத்தி வையுங்கள். அடித்தளக் குழியை நவம்பரில் தோண்டாமல் இருந்தால் நல்லது.

டெவலப்பர் கடிதத்துக்கு அசையவில்லை என்றால், வீடு வாங்குவோருக்கான நடுவர் மன்றம் இருக்கிறது. 10 ரிங்கிட் கட்டணம், பொதுவாக வழக்கறிஞர் தேவையில்லை, கோரிக்கை 50,000 ரிங்கிட்டுக்குள் இருக்க வேண்டும். முன்பு சொன்ன 24 மாதக் குறைபாட்டுக் காலம் முடிந்த 12 மாதத்துக்குள் மனு போட வேண்டும். அங்கே அவர்கள் முதலில் கேட்பது நீங்கள் அனுப்பிய கடிதத்தின் நகலை.

இன்று மாலை வானம் கறுத்தால், டார்ச் விளக்கும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.