நூல் பிடித்தால் தெரியும் வீலின் கோணல்

செயின் தளர்ந்தால் பின் ஆக்சில் நட்டைக் கழற்றாமல் லூஸ் செய்து, அட்ஜஸ்டரைத் திருகி, மறுபடி முறுக்கிவிடுவது பலரும் வீட்டு வாசலிலேயே செய்யும் வேலை. செயின் சரியாகிவிடும், வீல் கோணிக்கொள்ளும். ஸ்ப்ராக்கெட் பற்களின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பளபளக்கும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

நம்பிக்கை: ஸ்விங் ஆர்ம் கோடுகள் இரண்டு பக்கமும் ஒத்துப்போனால் வீல் நேர்.

உண்மை: அந்தக் கோடுகள் தோராயமான வழிகாட்டிதான். 1 மி.மீ. பிசகு என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-இல் முன், பின் ஆக்சில்களுக்கு இடையே 1,390 மி.மீ. பின்பக்க அட்ஜஸ்டர்கள் இரண்டுக்கும் இடைவெளி சுமார் 20 செ.மீ. என்று வைத்தால், அங்கே ஏற்படும் 1 மி.மீ. வித்தியாசம் முன் ஆக்சிலை எட்டும்போது ஏறக்குறைய 7 மி.மீ. ஆகிவிடும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நூல் போதும். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின் டயரின் பின்புறம் நூலைச் சுற்றி, இரண்டு முனைகளையும் முன் டயரைத் தாண்டி இழுத்துப் பிடிக்க வேண்டும். பின் டயரின் முன்விளிம்பை நூல் லேசாகத் தொட்டால் போதும், வளையக்கூடாது. 2021-இல் வந்த கிளாசிக்கில் பின் டயர் 120, முன் டயர் 100 மி.மீ. அகலம். ஆகவே ஹேண்டில் நேராக இருக்கும்போது முன் டயரின் இரு பக்கமும் சுமார் 10 மி.மீ. இடைவெளி தெரிய வேண்டும். ஒரு பக்கம் 17, மறுபக்கம் 3 என்று வந்தால் பின் வீல் கோணல்.

நட்டை முறுக்கும்போதே ஆக்சில் நகர்ந்துவிடுவதும் உண்டு. எனவே முறுக்கிய பிறகு மறுபடி ஒருமுறை அளக்க வேண்டும். செயினைச் சரிபார்க்க வீலைக் கையால்தான் சுற்ற வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு, செயின் அருகே கை வைத்து விரலை இழந்தவர்கள் உண்டு.

நம்பிக்கை: வண்டி ஒரு பக்கம் இழுத்தாலே அலைன்மென்ட் போய்விட்டது.

உண்மை: காற்று குறைந்த டயர், ஒருபக்கமாகத் தேய்ந்த டயர், ஆட்டம் கண்ட கோன் செட் (ஹேண்டில் பேரிங்), தேய்ந்த ஸ்விங் ஆர்ம் புஷ் எல்லாமே இழுக்க வைக்கும். மழைநீர் வடிய ஓரம் சரித்துப் போட்ட சாலையும் வண்டியை இடப்பக்கம் தள்ளும். வண்டி கீழே விழுந்த பிறகு ஹேண்டில் மட்டும் கோணலாக நின்றால், ஃபோர்க் அதன் பிடிகளுக்குள் திரும்பியிருக்கலாம். பிடிகளின் போல்டுகளை லூஸ் செய்து நேராக்க முடியும். ஃபோர்க் பைப்பே வளைந்திருந்தால் அது பட்டறை வேலை.

நம்பிக்கை: ஸ்போக்ஸ் எல்லாவற்றையும் இறுக்கினால் கோட்டம் போய்விடும்.

உண்மை: கண்டபடி இறுக்கினால் ரிம்மின் வட்டமே கெடும். ஸ்விங் ஆர்மில் ஒரு கம்பியை ரிம்மை ஒட்டி நிற்கும்படி கட்டி, வீலை மெதுவாகச் சுற்றினால் ரிம் எங்கே விலகுகிறது என்று தெரியும். வலப்பக்கம் விலகும் இடத்தில், ஹப்பின் வலப்பக்கத்திலிருந்து வரும் ஸ்போக்ஸைக் கொஞ்சம் தளர்த்தி, இடப்பக்கத்திலிருந்து வருபவற்றை இறுக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஸ்போக்ஸ் முனையிலுள்ள நட்டான நிப்பிளைக் கால் சுற்றுக்கு மேல் திருப்பக் கூடாது. பல தயாரிப்பாளர்களின் கையேடுகள் 2 மி.மீ. வரை ஆட்டத்தை அனுமதிக்கின்றன. நிறைய இறுக்க வேண்டியிருந்தால் டயரைக் கழற்றிவிட்டுச் செய்வதே நல்லது. ரிம்முக்குள் நீட்டும் ஸ்போக்ஸ் முனை டியூபைக் குத்திவிடும்.

நம்பிக்கை: ரிம் எப்போதும் ஹப்பின் நட்ட நடுவில்தான் இருக்க வேண்டும்.

உண்மை: செயினுக்கும் பிரேக்குக்கும் இடம்விட்டு, ரிம்மைச் சற்றுத் தள்ளிப் பொருத்தும் மாடல்கள் உண்டு. ஸ்போக்ஸைக் கழற்றும் முன் பிரேக் டிரம்மின் மேல் நேர்ச்சட்டம் வைத்து, ரிம் விளிம்புவரை எத்தனை மி.மீ. என்று குறித்துக்கொள்ள வேண்டும். திரும்பக் கோர்க்கும்போது அதே அளவு வர வேண்டும்.

நம்பிக்கை: அலாய் வீல் வளைந்தால் சுத்தியலால் தட்டிச் சரிசெய்யலாம்.

உண்மை: வார்ப்பு அலுமினியம் தட்டுக்கு வளைந்து கொடுக்காது, வெடிக்கும். மயிரிழை வெடிப்பு டயருக்கு அடியில் மறைந்துகொள்ளும். பள்ளத்தில் இறங்கும் நொடியில் பிளக்கலாம். அப்படிப்பட்ட வீலை மாற்றத்தான் வேண்டும்.