மினமாட்டா விரிகுடாவும் குமமோட்டோப் பல்கலைக்கழகமும்

நஞ்சினை ஆராயும் கலை மிகப் பழையது. ஆயின், நீரிலும் காற்றிலும் மண்ணிலும் கலந்து, உண்பார்க்கும் ஊட்டுவார்க்கும் தெரியாமல் உடலிற் புகும் நஞ்சினை ஆராயும் சூழல் நஞ்சியல், பல்கலைக்கழகங்களிலே தனித் துறையாக வளர்ந்தது சென்ற நூற்றாண்டின் பிற்பாதியிலேதான். அத்துறையின் இயல்பை உணர்த்துதற்கு வரைவிலக்கணங்களை அடுக்குவதிலும் ஒரு வரலாற்றைச் சொல்வதே தகும். யப்பான் நாட்டுக் கியூசுத் தீவிலுள்ள குமமோட்டோப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடத்தார் நடத்திய ஆராய்ச்சியே அது.

மினமாட்டா அத்தீவின் மேற்குக் கரையிலுள்ள சிறு நகரம். அங்கே சிசோ என்னும் கம்பனியின் தொழிற்சாலை 1932 முதல் அசற்றலடிகைட்டு என்னும் பொருளை ஆக்கி வந்தது. அதற்கு இரசச் சேர்வை ஊக்கியாயிற்று. கழிவு நீர் விரிகுடாவிற் சென்று வீழ்ந்தது. மீனவர் குடியிருப்புக்களிற் பூனைகள் பித்துற்றுச் சுழன்று கடலில் வீழ்ந்து மாண்டன. 1956 ஏப்ரலிலே, நடையும் பேச்சும் தடுமாறிய ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி கம்பனி வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டாள். சில நாளில் அவள் தங்கைக்கும் அதே நோய். வைத்தியசாலைத் தலைவர் ஹொசொக்காவா, காரணம் அறியப்படாத நரம்பு நோய் தோன்றியுள்ளதென மே 1ஆம் நாள் சுகாதாரப் பகுதியினருக்கு அறிவித்தார். தொற்று நோயென அஞ்சிய ஊரார் நோயாளர் வீடுகளை விலக்கி நடந்தனர்.

அவ்வாண்டு ஓகஸ்டிற் பல்கலைக்கழக ஆராய்ச்சிக் குழு அமைந்தது. இது தொற்றன்று, விரிகுடாவின் மீனையும் சிப்பியையும் உண்டதனால் வந்த பார உலோக நஞ்சாகலாம் என்று நவம்பரிலேயே அக்குழு கூறிவிட்டது. எந்த உலோகம் என்பதே வினா. மங்கனீசு, செலீனியம், தாலியம் என ஒவ்வொன்றாக ஐயுற்று இரண்டாண்டுக்கு மேல் கழிந்தது. இத்தாமதத்தை ஆராய்ச்சியாளர் மேற் சுமத்துதல் நீதியன்று. எப்பொருளை எவ்வளவு பயன்படுத்துகிறோம் என்பதைத் தொழிற்சாலையார் வெளியிட்டாரல்லர். நஞ்சின் மாதிரி யார்மீது ஐயமோ அவர் கையிலேயே இருப்பது இத்துறைக்கே உரிய இடர்ப்பாடு.

திறவுகோல் கிடைத்தது நோயியற் பகுதியில். இறந்தோர் மூளையைப் பேராசிரியர் தாக்கேயுச்சி சோதித்தபோது, சிறுமூளையிலும் பார்வைக்குரிய மூளைப் பகுதியிலும் கலங்கள் அழிந்திருந்தன. இங்கிலாந்திலே விதைக்குப் பூசும் மெதயில் இரச மருந்தைச் செய்த தொழிலாளர் நால்வரைப் பற்றி ஹன்ரர், பொம்போட், றசல் என்போர் 1940இல் எழுதிய அறிக்கை ஒன்று உண்டு. நடை தள்ளாடல், நாக்குழறல், பார்வைப் புலம் சுருங்கல் என்னும் அதே மூன்று குறிகள் அங்கும் இருந்தன. பின்னர் கழிவு வாய்க்காலின் முகத்துவாரச் சேற்றை அளந்தனர். தொன் ஒன்றுக்கு ஏறத்தாழ 2 கிலோ இரசம். நோயாளர் ஒருவரின் தலைமயிரில் மில்லியனுக்கு 705 பங்கு. 1959 யூலை 22இல் குழுவினர் இரசத்தையே சுட்டினர்.

கல்லூரி ஆய்கூடத்தில் உடைந்த வெப்பமானியினின்று சிந்தி உருண்ட இரசத்தைக் கண்டோர் பலர் நம்முள் இருப்பர். அதன் ஆவி தீங்குடையது. ஆனால் விழுங்கிய உலோக இரசத்திற் பெரும்பகுதி குடலால் உறிஞ்சப்படாது வெளியேறிவிடும். மெதயில் இரசமோ முற்றிலும் வேறு. குடல் அதனை ஏறக்குறைய முழுவதும் உறிஞ்சும். மூளைக்கும் அது செல்லும்.

இவ்வேறுபாடே மறுப்புக்கு இடமளித்தது. தாம் பயன்படுத்துவது அசேதன இரசமே என்றனர் கம்பனியார். தோக்கியோப் பேராசிரியர் ஒருவர் அழுகிய மீனிலுள்ள அமைன்களே காரணம் என்றார். யுத்த காலத்திற் கடலிற் கொட்டிய வெடிமருந்தென்றது இரசாயனக் கைத்தொழிற் சங்கம். ஹொசொக்காவாவோ தொழிற்சாலைக் கழிவை நேரே பூனைக்கு ஊட்டிச் சோதித்து வந்தார். 1959 ஒக்டோபரில் 400ஆம் இலக்கப் பூனை அதே நோயாற் பீடிக்கப்பட்டது. கம்பனி சோதனையை நிறுத்தி முடிவை மறைத்தது. மரணப்படுக்கையிலிருந்து 1970இல் அவர் நீதிமன்றத்துக்குச் சாட்சியளித்த பின்னரே அது நன்கு வெளிப்பட்டது. அரசாங்க ஆலோசனைச் சபை 1959 நவம்பரில் சேதன இரசமே காரணமென அறிவித்தது. அதன் மினமாட்டா உபகுழு மறுநாளே கலைக்கப்பட்டது!

சுகாதாரவியற் பேராசிரியர் இருக்கயாமா, முன்னர் பெற்றுப் போத்தலில் வைத்திருந்த அசற்றலடிகைட்டுப் பகுதிச் சேற்றை 1962இற் பகுத்தார். அதிலே மெதயில் இரசம் இருந்தது. நஞ்சு கடலிற்றான் உருவாகியது என்பதற்கில்லை. ஆலையின் கலனுக்குள்ளேயே விளைந்தது. இம்முடிவு 1963இல் வெளிவந்தும் கழிவு நிற்கவில்லை. 1965இல் நீகாட்டாவிலே வேறொரு கம்பனியின் ஆலையால் இரண்டாம் முறை இந்நோய் தோன்றியது. மினமாட்டா ஆலையின் அப்பகுதி மூடப்பட்டது 1968 மேயில். காரணத்தை அரசாங்கம் ஒப்பியது அவ்வாண்டு செப்ரெம்பர் 26இல். அறிவு கிடைத்தும் ஒன்பதாண்டு வாளாவிருந்தமைக்கு விஞ்ஞானத்தின் குறைவைக் காரணங் காட்ட இயலாது.

குமமோட்டோவின் இளம் வைத்தியர் ஹரடா கண்டது மருத்துவ நூல்களையே திருத்தியது. மீன் உண்ணாத குழந்தைகள் பிறவியிலேயே நோயுற்றிருந்தனர். சூல்வித்தகம் நஞ்சைத் தடுக்கும் என்பதே அந்நாள் வரை கொள்கை. 1962இற் பதினாறு குழந்தைகள் பிறவி நோயாளராக ஏற்கப்பட்டனர். குழந்தையின் கொப்பூழ்க்கொடியை உலர்த்திப் பேணுதல் யப்பானியர் வழக்கம். பிற்காலத்தில் அக்கொடிகளை ஆராய்ந்து, அவர்கள் கருவிலிருந்த காலத்து மெதயில் இரசத்தை அளந்தனர். தாய்மார் பெட்டிகளிற் பொதிந்து வைத்த பொருளே சான்றாயிற்று.

கல்வி முறையிலும் இதனால் மாற்றம் வந்தது. தோக்கியோப் பல்கலைக்கழகத்திலே பல்லாண்டு உதவியாளராகவே இருந்த ஊயி யுன், 1970 முதல் 1985 வரை சூழல் மாசு பற்றி இரவு விரிவுரைகள் நடத்தினார். பட்டமில்லை, எவரும் வந்து கேட்கலாம். ஹரடா குமமோட்டோ ககுயென் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து, 2002இல் மினமாட்டாவியல் என்னும் பாடத்தைத் தொடக்கினார். அங்கு வைத்தியரும் வழக்கறிஞரும் விரிவுரை ஆற்றினர். நோயாளரும் வகுப்பின் முன் நின்று கற்பித்தனர்.