புதுச்சேரியும் கடல் கடந்த வாக்குரிமையும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

சென்ற ஆண்டு பூந்தமல்லியிலிருந்து புதுச்சேரிக்குக் கல்விச் சுற்றுலா சென்றோம். "இவ்வூரில் சிலர் இன்றும் பிரான்ஸ் நாட்டு ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிக்கிறார்கள்" என்றார் வழிகாட்டி. எங்களுக்குப் பெரும் வியப்பு! அதன் காரணத்தைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

பாரிசில் ஓர் இடம்

புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம், சந்திரநாகூர் ஆகிய ஐந்து ஊர்களும் பிரெஞ்சு இந்தியா எனப்பட்டன. 1871 முதல் இவை பாரிஸ் பாராளுமன்றத்திற்கு ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்து அனுப்பின. அப்போது நம் பூந்தமல்லி ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. லண்டன் பாராளுமன்றத்திலோ இந்தியாவுக்கென ஓர் இடமும் இல்லை.

அப்படியானால் புதுச்சேரி மக்கள் கொடுத்து வைத்தவர்களா? வாக்கு ஆண்களுக்கு மட்டுமே இருந்தது. பிரான்சில் பெண்களுக்கு வாக்குரிமை தரும் ஆணை 1944இல்தான் பிறந்தது. உள்ளூர் மன்றத் தேர்தல்களில், சிறு தொகையினரான ஐரோப்பியருக்குத் தனிப் பட்டியல் வைத்திருந்தனர். மேலும், பல நூறு பேர் கூடும் சபையில் ஒரே ஒரு குரல் எவ்வளவு தூரம் கேட்கும்?

உண்மையான கேள்வி

"உங்களை யார் ஆள வேண்டும்?" என்ற கேள்வி பின்னரே கேட்கப்பட்டது. சந்திரநாகூரில் 1949 ஜூன் 19இல் மக்களே நேரில் வாக்களித்து இந்தியாவைத் தேர்ந்தனர். மற்ற நான்கு ஊர்களுக்காக, 1954 அக்டோபர் 18இல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினர். 170 பேர் இணைப்பை ஆதரித்தனர். 8 பேர் எதிர்த்தனர். நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்டு 16இல் இணைப்பு சட்டப்படி முழுமையடைந்தது. அப்போது விரும்பியோர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. அவர்களும் அவர்தம் வழித்தோன்றல்களுமே வழிகாட்டி கூறிய வாக்காளர்கள்.

பிற நாடுகளில்

தமிழ் வம்சாவளியினர் பலர் வாழும் ரீயூனியன் தீவு 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம். அங்குள்ளோர் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கின்றனர். போர்ட்டோ ரிக்கோ தீவினரோ 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள். ஆயினும் அத்தீவில் வாழும்வரை ஜனாதிபதித் தேர்தலில் அவர்களுக்கு வாக்கில்லை!

முடிவுரை

தொலைவிலுள்ள தலைநகருக்கு ஒருவரை அனுப்புவது ஓர் உரிமை. நம் ஊரின் எதிர்காலத்தை நாமே முடிவு செய்வது அதனினும் பெரிய உரிமை. புதுச்சேரி மக்கள் முதலாவதைப் பெற்று எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகே இரண்டாவதை அடைந்தனர். அதுவும் தம் பிரதிநிதிகள் வாயிலாகவே. நமக்கோ இவ்விரண்டும் பிறக்கும்போதே கிடைத்துள்ளன. இன்னும் மூன்று ஆண்டுகளில் நாமும் வாக்களிப்போம். அன்று "என் ஒரு வாக்கினால் என்ன ஆகும்?" என்று வீட்டில் இருந்துவிடலாமா, தோழியரே?